ஓடைப்பட்டியிலிருந்து இரண்டு பேர்

"குடிக்கிற கடைக்கு வழி காட்ட ஒரு ஆளா? எங்க ஊர்ல எவனுக்கும் அதுக்கு வழி சொல்ல வேண்டியதில்லையே."

பெங்களூரு சர்ச் தெரு முனையில், வெள்ளை வேட்டியும் கக்கத்தில் குடையுமாக நின்ற பெரியவர் இப்படிக் கேட்டதும், கூட்டத்தில் தமிழ் தெரிந்த நாலைந்து பேர் சிரித்தார்கள்.

விஜய்ராஜ் சிரித்தபடியே பெயர்களைச் சரிபார்த்தான். சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, நாலு பப்புக்கு வரிசையாகக் கூட்டிப்போய், ஒவ்வொன்றிலும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்து, எல்லாரையும் முழுசாக வெளியே கொண்டுவருவது அவன் வேலை. பட்டணத்தில் நடக்கிறதைக்கூட டிக்கெட் போட்டு விற்றுவிடுகிறார்கள்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"தேனிப் பக்கம், ஓடைப்பட்டி. நாங்க ரெண்டு பேரு. இது எங்க மச்சான்."

பக்கத்தில் நின்ற குட்டையான வழுக்கைத்தலைக்காரர் பல்லெல்லாம் தெரிய வணக்கம் வைத்தார்.

விஜய்ராஜ் பட்டியலை மறுபடி பார்த்தான்; அந்த இரண்டு டிக்கெட்டுக்கு நேரே பெயர் இல்லை. அவன் போடிக்காரன். அம்மா அவனுக்குப் பேசிக்கொண்டிருக்கிற பெண் ஜான்சி, ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் மகள். போட்டோவில் பார்த்ததோடு சரி. ஆனால் அந்தப் போட்டோவைத் தினமும் பார்க்கிறான். பெண் வீட்டார் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை குடிக்கக் கூடாது. அவன் குடிப்பதில்லை, அது நிஜம். ஆனால் 'டூரிஸ்ட்டுகளுக்கு ஊர் சுத்திக் காட்டுறேன்' என்று மட்டும்தான் அங்கே சொல்லியிருந்தது. எதைக் காட்டுகிறான் என்று சொல்லவில்லை.

இப்போது குடையோடு நிற்கிறார். அந்த முறைப்பைப் பார்த்தாலே தெரிகிறது, பெண்ணின் அப்பா.

"ஐயா பேரு?"

"பேரு எதுக்கு? அதான் பணம் கட்டியாச்சுல்ல. நட."

நடந்தார்கள். "பேரு சர்ச் தெரு. பூராம் பீர்க் கடை. எங்க பாஸ்டரு பாத்தா மயங்கி விழுந்துருவாரு" என்று குடைக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்தார்.

முதல் கடையில் தன் கிளாஸை மோந்து பார்த்து, மச்சான் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீ எடுக்கலையா தம்பி?"

"நான் தொடுறதில்லைய்யா."

"மீன் கடையில நிக்கிறவன் மீனு திங்கமாட்டேங்கிறான். நம்பச் சொல்ற."

"இது வேலை பாக்குற இடம்ய்யா."

"வேலை இல்லாத இடத்துல?"

"அங்கனயும் இல்லைய்யா."

அவர் கையை நீட்டி விஜய்ராஜின் தம்ளரை வாங்கி மோந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். "சோடாதான்" என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் அதைக் காதில் வாங்கவில்லை. இரண்டு கிளாஸும் காலி.

இரண்டாவது கடையில் மச்சான் ஒயின் குடித்துவிட்டு, ஊற்றிக் கொடுத்தவனைக் கூப்பிட்டுக் கண்டித்தார். "தம்பி, இது பழுக்காத குலையில வெட்டுனது. எவன் தோட்டம்னு சொல்லு, நான் பேசிக்கிறேன்." அவனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் இன்னொரு கிளாஸ் ஊற்றினான்.

மூன்றாவது கடைப் படியில் மச்சானுடைய ஒரு செருப்பு கீழே போனது, வேட்டி அவிழப் பார்த்தது. விஜய்ராஜ் செருப்பை எடுத்துவந்து மாட்டிவிட்டான். முகத்தைக் கழுவி, பக்கத்துக் கடையில் மோர் வாங்கிக் குடிக்க வைத்து, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அவர் வேட்டி மேல் போட்டு இறுக்கினான்.

"ஏலே மாப்ள, இவன் தங்கம்லே" என்று மச்சான் அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

குடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "வாரா வாரம் இப்பிடி ஒண்ணு மாட்டுமா?"

"ஒருத்தராச்சும் இருப்பாகய்யா."

"எரிச்சல் வராது?"

"அவுகளுக்கும் வீட்டுல யாராச்சும் வழி பாத்துக்கிட்டு இருப்பாகல்ல."

"வாய் நல்லாத்தான் பேசுது" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலாவது கடை முடிந்து வெளியே வந்தபோது மச்சான் நின்றபடியே விஜய்ராஜின் தோளில் தூங்கிப்போயிருந்தார். மற்றவர்கள் கைகாட்டிவிட்டுக் கலைந்தார்கள். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, விஜய்ராஜ் துணிந்துவிட்டான்.

"ஐயா, ஒண்ணு சொல்லிர்றேன். நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் கூட வந்தேன். இந்த வேலைய மறைச்சது தப்பு. குடிக்கமாட்டேன்னு சொன்னது பொய்யில்ல. ஜான்சியத் தருவீகளா, மாட்டீகளா? எதுவானாலும் இங்கனயே சொல்லிருங்க."

"நான் யாருப்பா தர்றதுக்கு?" அன்றைக்கு முதல் தடவையாகக் குடைக்காரர் சிரித்தார். "நான் தாய்மாமன், கிறிஸ்டோபர். போயிப் பாத்துட்டு வர்றதுதான் என் சோலி. பாத்தாச்சு."

"அப்ப ஜான்சியோட அப்பா?"

"உன் சட்டையெல்லாம் எச்சி ஒழுகவிட்டுத் தூங்குறாரே, அவருதான்."

விஜய்ராஜ் தோளை அசைக்காமல் நின்றான். எழுப்பிவிடக் கூடாதே.

"அப்ப குடிக்கக் கூடாதுன்னு அந்தக் கண்டிஷன்?"

"அது எங்க அக்கா போட்டது" என்றபடி கிறிஸ்டோபர், வந்து நின்ற ஆட்டோவில் ஏறி உள்பக்கம் நகர்ந்து இடம் விட்டார். "'குடிக்கிறதுக்கு வீட்டுல ஒரு ஆளு இருக்காரு, தூக்கிட்டு வர்றதுக்குத்தான் ஒரு ஆளு வேணும்'னு."