ஒற்றுப்பிழை இல்லாத பதிவு

புயல் கரையைக் கடந்ததிலிருந்து அங்கே செய்தி சேகரிக்கப் போன செய்தியாளர் இளம்பரிதியுடன் தொடர்பு கிடைக்கவில்லை. அவன் மனைவி, செய்தி வாசிப்பாளர் தாமரைச்செல்வி, ஒப்பனை அறையில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். அப்போதுதான் அவனுடைய முகநூல் பக்கத்தில் அந்தப் பதிவு வந்தது. ‘பாதுகாப்பாக இருக்கிறேன். மக்களைச் சந்தித்துக்கொண்டிருக்கிறேன்.’ அவளுக்குப் போன உயிர் திரும்பியது. ஆசையாய் இன்னொரு முறை படித்தாள். ‘மக்களைச் சந்தித்து.’ அந்த ‘ச்’ அவளை உறுத்தியது. காதல் கடிதத்திலேயே ‘உன்னை காதலிக்கிறேன்’ என்று ஒற்றெழுத்தை விட்டவன் அவன், இன்றுவரை திருந்தவில்லை. சமூக ஊடகப் பிரிவுக்கு ஓடினாள்.

“நாங்கதான் போட்டோம் மேடம்,” என்றான் ரியாஸ். “சாரோட பாஸ்வேர்டு எங்ககிட்டதானே இருக்கு. ஃபாலோயர்ஸ் விடாம கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

“அவர் பேசினாரா?”

“லைன் கிடைக்கல மேடம்.”

அவள் கைப்பேசி ஒலித்தது. மாமியார்.

“பாத்தியாம்மா, பத்திரமா இருக்கேன்னு போட்டுட்டான்! இப்பதான் ஒரு வாய் சோறு இறங்குச்சு. நீ மட்டும் இன்னும் லைக் போடலையே, தேடுவான்ல?”

“போட்டுட்டேன் அத்தை,” என்றாள். விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“எனக்கு இன்னும் காட்டலையேம்மா.”