பேர் சொல்லி அழைத்த குரல்

"அண்ணி, திரும்பாதீங்க! வாயையும் திறக்காதீங்க!"

நாத்தனார் பிமலா கையைப் பிடித்து இழுக்க, சதேஸ்வரி அப்படியே நின்றாள். ருத்ரநாத் கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையை மூடுபனி விழுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பிமலாவின் முகமே சரியாகத் தெரியவில்லை.

"சதேஸ்வரீ...!" மறுபடியும் அந்தக் குரல்.

"உங்க அண்ணன் குரல் மாதிரியே இருக்கே, பிமலா!"

"அண்ணன்தான் சத்திரத்துல இடம் பிடிக்க முன்னாடியே மேலே போயாச்சே! குரல் எங்கேருந்து வருதுன்னு கேளுங்க. பள்ளத்துலேருந்து! அங்கே பாதையே கிடையாது. மனுஷன் எப்படி நிப்பான்?"

"அப்போ...?"

"ஆச்சரிங்கதான். மலை மோகினிங்க. நமக்கு வேண்டியவங்க குரல்லதான் கூப்பிடும். பதில் குடுத்தா ஆளையே தூக்கிட்டுப் போயிடும். அண்ணன் என்னைக்காவது உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காரா, சொல்லுங்க?"

அதுவும் நியாயம்தான். பெண்டாட்டி பேரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று நினைக்கிற ஊர் அவர்களுடையது. அவள் புருஷன் மகிபாலுக்கு அவள் எப்போதும் 'மின்னுவோட அம்மா'தான். ஒரே ஒரு தடவை பேர் சொல்லுங்களேன் என்று அவள் கெஞ்சியபோதுகூட, காது சிவந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கிளம்பிவிட்ட ஆசாமி.

"சதேஸ்வரி..."

இந்த முறை குரல் அழுதது. வீட்டில் விட்டுவந்த மின்னு தாயில்லாப் பிள்ளையாகிவிடுவாளோ என்ற பயத்தில் சதேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு, "போலேநாதா, போலேநாதா" என்று முணுமுணுத்தபடி ஓட்டமும் நடையுமாக ஏறினாள். பிமலாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். அதற்குப் பிறகு குரல் கேட்கவில்லை.

சத்திரத்து வாசலில் விளக்கைக் கண்டதும்தான் இருவருக்கும் உயிர் வந்தது.

"வாங்கம்மா, வாங்க! நெருப்புக்கிட்ட உட்காருங்க" என்ற சத்திரக்காரர், அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மகிபால் எங்கே?"

"அவர் இங்கேதானே இருக்கார்?" என்றாள் சதேஸ்வரி.

"பனி இறங்கிடுச்சேன்னு பதறிப்போய் உங்களைத் தேடிக் கீழே வந்தானேம்மா! வாசல்லேயே 'மின்னுவோட அம்மா, மின்னுவோட அம்மா'ன்னு கத்த ஆரம்பிச்சுட்டான். 'அட கூச்சம் பிடிச்சவனே, பேரைச் சொல்லிக் கூப்பிடுடா, எங்கே இருந்தாலும் ஓடி வருவா'ன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."