பதினாலாவது காரணம்

"ஹாஸ்டல் ஃபார்ம். கையெழுத்து போடுங்கப்பா. போட மாட்டேன்னா ஏன்னு சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்."

அப்பா டீ டம்ளரைக் கீழ வச்சார். காலங்காத்தாலயே கோர்ட் கூடிடுச்சுன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

அவ படிக்கறது என்னமோ தாவரவியல். வீட்டுல வச்ச பேரு வக்கீலம்மா. சண்டைன்னா சும்மா இறங்க மாட்டா. ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, பேசி, அதை வீடியோ எடுத்து, ஒத்திகை பாத்துட்டுத்தான் வருவா. இந்தத் தடவை வீட்டை விட்டுப் போக மொத்தம் பதினாலு காரணம்.

ஆனா ஒரு வாரமா வீடு சரியில்ல. அதாவது, ரொம்பச் சரியா இருந்துச்சு. அம்மா கதவைத் தட்டிட்டு உள்ள வந்தாங்க. அப்பா ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டு ஊரைக் கூட்டல. அண்ணன் அவளோட சார்ஜரை எடுத்த இடத்துலயே வச்சான்.

எல்லாரும் இப்படி நல்லவங்களாயிட்டா மனுஷி எப்படிச் சண்டை போடறது?

"முதல் காரணம். இந்த வீட்டுல தனிமைங்கறதே..."

"இப்பல்லாம் தட்டிட்டுத்தானே வரேன்," சமையல்கட்டுலேர்ந்து அம்மா.

"குறுக்க பேசாதம்மா. ரெண்டாவது, அப்பாவோட ஃபோன்..."

"அதையும் நிறுத்தியாச்சு. நீ ஆறாவதுக்கு வா," அப்பா சொன்னார். "அதுல சொன்னது ஆணவமா, ஆணாதிக்கமா? உங்கம்மா அதுங்கறா, நான் இதுங்கறேன்."

"ரெண்டும்தான். இருங்க, ஆறாவது என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா டம்ளருக்குள்ள எதையோ தேட ஆரம்பிச்சார். அம்மா குழாயைத் திறந்து விட்டாங்க. அண்ணன் கேம் கன்சோலோட கன்ட்ரோலரைக் காலால சோஃபாவுக்கு அடியில தள்ளினான்.

அவன் அங்கதான் மாட்டினான். அவ குனிஞ்சு அதை எடுத்து, டிவியைப் போட்டா.

போன ஞாயித்துக்கிழமை அவதான் தன் கம்ப்யூட்டர்ல இருக்கற சினிமாவெல்லாம் ஹால் டிவில ஓடற மாதிரி அந்தக் கன்சோலோட இணைச்சுக் குடுத்தா. எந்தெந்த ஃபோல்டர் தெரியணும்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. கேள்வியை முழுசாக் கேக்கற பழக்கம் அவளுக்கு ஏது? 'எல்லாம்'ங்கற கட்டத்துல டிக் அடிச்சிட்டு எழுந்து போயிட்டா.

இப்ப டிவில வரிசையாப் படங்க. நடுவுல அவ மூஞ்சி. விரலை நீட்டி, வாயைத் திறந்தபடி. கீழ பேரு: 'சண்டை, கடைசி ஒத்திகை'.

"இது என் சொந்த வீடியோ. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"சினிமாதான் தேடினோம்," அண்ணன் முனகினான். "நீ வந்துட்ட. சினிமாவை விட விறுவிறுப்பா இருந்துச்சு."

"நான்னு தெரிஞ்சதுமே நிறுத்தியிருக்கணும்."

"நிறுத்தினோமே. நடுநடுவுல. எழுதிக்கறதுக்கு."

அப்பா சட்டைப் பையிலேர்ந்து நாலா மடிச்ச ஒரு தாளை எடுத்தார். பதினாலு வரி. ஆறாவதுல 'ரெண்டும்'னு எழுதி, பக்கத்துல 'நாளையிலேர்ந்து'ன்னு சேத்தார். அப்புறம் ஹாஸ்டல் ஃபார்மை இழுத்து, அதுல கையெழுத்து போட்டார்.

"போறதும் இருக்கறதும் உன் இஷ்டம். மத்ததெல்லாம் எங்களால ஆனவரைக்கும் சரி பண்ணிட்டோம். இந்தக் கடைசி ஒண்ணுக்கு மட்டும் என்ன செய்யறதுன்னு புரியல. அதைச் சொல்லிட்டுப் போம்மா."

அவ தாளை வெடுக்குன்னு பிடுங்கினா. அப்பாவோட குண்டு குண்டு எழுத்து:

'14. இந்த வீட்டுல நான் சொல்றதை யாருமே காது குடுத்துக் கேக்கறதில்ல.'

பதில் சொல்ல வாயைத் திறந்து டிவி பக்கம் திரும்பினா. அவ மூஞ்சிக்குக் கீழ பொடி எழுத்துல போட்டிருந்துச்சு:

'பார்த்தது: பதினோரு முறை.'