இடி இடித்த மறுநாள்

"ஹெல்மெட்டை அப்புறம் துடைச்சுக்கலாம், வண்டியை எடுங்க. காளான் குடை விரிஞ்சுடுச்சுன்னா புழு வச்சிடும்," என்றாள் சுபலட்சுமி.

அரவிந்தன் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். கே.கே. நகர் இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான் கோடை மழை இடியோடு கொட்டித் தீர்த்திருந்தது. இடி இடித்தால் மறுநாள் விடியலில் புற்றுக் காளான் முளைக்கும் என்பது சுபாவின் கணக்கு. சமையலில் உப்புக் கணக்கு தப்பினாலும் வையம்பட்டிக்காரிக்கு இந்தக் கணக்கு தப்பாது.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் நாத்தனார். அரவிந்தனின் அக்கா ஆனந்தவள்ளி இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து சுபா தன் ஊர்க் காளானைப் பற்றி அளந்துகொண்டே இருக்க, போன வாரம் போனில் ஆனந்தவள்ளி கேட்டேவிட்டாள்: "மூணு வருஷமா காதாலதான் சாப்பிடுறேன். இந்தத் தடவையாவது தட்டுல போடுவியா, இல்ல கடைக் காளானை வாங்கி ஏமாத்துவியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் சுபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்று காளான் குழம்பு கொதித்தே ஆக வேண்டும்.

"நமக்கு முன்னாடி யாராவது பறிச்சிருந்தா?" என்று வழியில் கேட்டான் அரவிந்தன்.

"பறிச்சிருக்க மாட்டாங்க."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே?"

"அந்தப் புத்துக்கிட்ட யாரும் போக மாட்டாங்க. நீங்க ரோட்டைப் பாருங்க."

காளான் முளைக்கும் இடத்தைக் கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாத ஊர் அது. கூட்டிக்கொண்டு வந்ததே பெரிய சலுகை.

வையம்பட்டி தாண்டி மண் பாதையில் வண்டியை நிறுத்தச் சொன்னவள், இறங்கிய இடத்திலேயே திகைத்து நின்றுவிட்டாள்.

வேப்பமரத்துக்குப் பக்கத்தில் தனியாக இருந்த புற்றைச் சுற்றி இப்போது ஆளுயரத் தட்டி வேலி. வேலிக்கு முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, மணி, சூலம். வேலியின் வாசலில் சிவப்புத் திரை தொங்கியது. திரைக்கு முன்னால் நாலைந்து பெண்கள் பாலும் முட்டையுமாக நின்றிருந்தார்கள். போன வருஷம் வந்தபோது இதில் எதுவும் இல்லை.

"யாரு, சுபாவா? வாங்க மாப்ள. செருப்பைக் கழட்டிட்டு வாங்க," என்று கூப்பிட்டாள் வீராயி. சுபாவின் பிறந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி. நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தாள்.

"என்ன சின்னம்மா இதெல்லாம்?"

"நாகாத்தா. நல்ல சக்தி. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் விடிஞ்சு பார்த்தா, புத்து முழுக்க மஞ்சளும் குங்குமமும். யாரு வச்சாங்கன்னே தெரியல. அன்னையிலேர்ந்து ஒருத்தரும் கிட்டப் போறதில்ல. போன ஆடியில என் கனவுல வந்து எடம் கேட்டா. நாந்தான் வேலி கட்டிப் பூசை பண்றேன்."

அரவிந்தன் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "புத்துக்கு மேல கூரை போடலையாங்க?"

"ஆத்தாளுக்குக் கூரை ஆகாது மாப்ள. மழை மேல படணும்னு உத்தரவு."

"திரையை எப்ப எடுப்பீங்க?"

"இன்னிக்கு தரிசனம் கிடையாது. இடி இடிச்ச மறுநாள் ஆத்தா ஓய்வெடுப்பா. பாலை வச்சுட்டு வெளியவே கும்பிட்டுப் போக வேண்டியதுதான்."

பெண்கள் பாலை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். சுபா கணவனை மரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"என்னங்க, அந்த மஞ்சளைப் பூசினதே நான்தான்."

"என்னது?"

"காளானை யாரும் பறிச்சிடக் கூடாதுன்னு. மஞ்சக் குங்குமம் வச்ச புத்துல எவளாவது கை வைப்பாளா?"

அரவிந்தனுக்குச் சிரிப்பதா, இன்னொரு தரம் கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியவில்லை. "பேசாம வா. போற வழியில கடைக் காளான் வாங்கிக்கலாம்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. நாத்தனார் தட்டில் கடைக் காளானை வைப்பதைவிட வீராயியிடம் ஏச்சு வாங்குவதே மேல் என்று சுபா விறுவிறுவென்று திரும்பிப் போய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

வீராயி அதிரவில்லை. பாதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

"அப்ப அது நீதானா? ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டுத் திரைக்குள் நுழைந்தாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் ஒரு கூடை இருந்தது. கூடை நிறைய, குடை விரியாத வெள்ளைக் காளான்கள், செம்மண்கூட உதிராமல்.

"மஞ்சள் வச்சவ நீ, பாதியை எடுத்துக்க. வெளிய மட்டும் மூச்சு விட்டுடாதே," என்று சுபாவின் பையில் அள்ளிப் போட்டாள் வீராயி. "பின்னே, இடி இடிச்ச மறுநாள் பார்த்து எந்தச் சாமிடி ஓய்வெடுக்கும்?"