பதினோரு அலகுகள்

தவிட்டுக்குருவி அம்மாவுக்குப் பிறந்தநாள். "இன்னைக்கு ஒரு நாளாவது நீ இரை தேடக் கூடாது" என்று பதினோரு பிள்ளைகளும் அவளைக் குளக்கரைக் கொக்காரின் ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். ஓட்டலைத் தேர்ந்தெடுத்தது மூத்தவன்.

கொக்கார் ஆர்டர் எடுத்துக்கொண்டு போய் ஒற்றைக்காலில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று மூத்தவன் கத்தினான்.

"ரெண்டே நிமிஷம்" என்றார், கண்ணைத் திறக்காமல்.

மூத்தவன் கிளைக்கும் கரைக்குமாகத் தத்தினான். சின்னவள் பசியில் பக்கத்திலிருந்தவனைக் கொத்தினாள். "அப்பவே சொன்னேன், ஆலமரத்துக்குப் போகலாம்னு" என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள்.

"காத்து நல்லா வருதுல்ல?" என்றாள் அம்மா.

வெயில் சாயும்போது ஒரு தட்டு வந்தது. அதில் ஒரே ஒரு புழு.

"மத்ததெல்லாம் தீந்துபோச்சு" என்றார் கொக்கார்.

அம்மா அதைச் சின்னவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கொக்கார் கேட்டார்.

"பிரமாதம்" என்றான் மூத்தவன்.

எல்லாரும் வீடு திரும்பினார்கள். அம்மா சிறகை மடக்கி உட்காரப் போனாள்.

"அம்மா, பசிக்குது" என்றான் மூத்தவன்.

பதினோரு அலகுகளும் அவளைப் பார்த்துத் திறந்தன.