செம்பில் தண்ணீர்

செல்லப்பாண்டி கல்லில் உட்கார மாட்டேன் என்று நின்றான்.

கல்லுக்குப் பக்கத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தங்கபாண்டி தண்ணீர்ச் செம்போடு தலை குனிந்து நின்றான்.

போன வருஷம் வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த சண்டையில், இந்தத் தங்கபாண்டியின் கம்பு பட்டுத்தான் செல்லப்பாண்டியின் அண்ணன் செத்தான். அன்றிலிருந்து செல்லப்பாண்டி தாடி வளர்க்கிறான். பழி தீர்த்த பிறகுதான் எடுப்பானாம்.

இன்றைக்கு அவன் சவரம் செய்துகொண்டால் பகை தீர்ந்தது. இப்படியே திரும்பிப் போய்விட்டால், நடவு முடிவதற்குள் இன்னொரு பிணம் விழும்.

சமரசம் பேசியவர்கள் இரண்டு பேர். தேவாரம் ஊர்ப் பக்கத்து வழக்கையெல்லாம் தீர்த்துவைக்கும் ஒச்சாண்டி ஒருவர். மற்றவர் மாதா கோயில் பாதிரியார் அருளப்பர் சாமி. எங்கோ கடலுக்கு நடுவே ஒரு தீவில் பிறந்தவர். நெஞ்சு வரைக்கும் செம்பட்டைத் தாடி.

இரண்டு பேருக்கும் மற்றவர் வழிமுறை மேல் ஒரு கண். பகையாளிகளை எதிரெதிரே உட்காரவைக்கக் கூடாது, இரண்டு பேரையும் மலையைப் பார்த்து உட்காரவைத்துத்தான் பேச வேண்டும் என்பது ஒச்சாண்டியின் வழக்கம். சாமியார் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். சமரசமானால், பகையாளி தண்ணீர் ஏந்தி நிற்க, பழிக்கு வளர்த்த தாடியை எடுப்பது சாமியாரின் தீவு வழக்கம். கேட்டதிலிருந்து ஒச்சாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. நம்ம சாமி லேசுப்பட்ட ஆளில்லை என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

செல்லப்பாண்டி மலையைப் பார்க்கவில்லை. சாமியாரையே பார்த்தான்.

“அவுக தீவுலயும் பழிக்குத்தான் தாடி வளப்பாகன்னு சொன்னாக. அப்ப சாமிக்குத் தாடி எதுக்கு?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாதிரிமார் என்றால் தாடி இருக்கத்தானே செய்யும்.

சாமியார் சிரிக்கவில்லை.

ஒச்சாண்டிக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கூடவே சுற்றியும் இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது. கிட்டத்தில் போய் மெதுவாக, “செத்தது யாரு சாமி?” என்றார்.

“என் தம்பி.”

சாமியார் அங்கியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அந்தக் கல்லில் உட்கார்ந்தார். மலையைப் பார்த்தார். மலைக்கு அந்தப் பக்கம்தான் கடல்.

நாவிதர் கையை நீட்டியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். சாமியாருக்குத் தண்ணீர் ஏந்த வேண்டியவன் அந்தத் தீவில் அல்லவா இருக்கிறான்.

செல்லப்பாண்டி முன்னால் வந்தான். தங்கபாண்டி கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டு சாமியார் பக்கத்தில் நின்றான்.

தாடி கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் விழுந்தது. உள்ளேயிருந்து வந்த முகம் இத்தனை சின்னதா என்று ஒச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாமியார் எழுந்தார்.

செல்லப்பாண்டி செம்பைத் தங்கபாண்டியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்லில் உட்கார்ந்தான்.