கடைசிப் பேர்

நிஷாந்தி இன்னும் வரவில்லை. மேடையேறப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

என் கண் ஹோட்டல் கேட்டை விட்டு நகரவில்லை. ஏப்ரல் சீசன். நுவரெலியா முழுக்கக் கொழும்புக் கார்கள். ஒவ்வொரு ஆட்டோ கேட்டில் திரும்பும்போதும் இறங்குவது யாரென்று எட்டிப் பார்த்தேன்.

நிஷாந்தி இருக்கும் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் சிக்னல் கிடைக்காது, போன் போகவில்லை என்று மற்ற இருவரிடமும் சொல்லியிருந்தேன்.

நாங்கள் நாலு பேர். ஷாமிலா உச்சியில் பாடுவாள். அதற்குக் கீழே பூரணி, அதற்கும் கீழே நான். எல்லோருக்கும் அடியில் நிஷாந்தி. வாத்தியம் கிடையாது. பள்ளிக்கூடத் தமிழ்த் தினப் போட்டியன்று ஹார்மோனியம் ஏற்றிய பஸ் வட்டவளையில் நின்றுபோனதால், வாயாலேயே பாடி முதலிடம் வாங்கினோம். பிறகு வாத்தியத்தைத் தேடவே இல்லை.

அதற்குப் பதினொரு வருஷமாகிறது. கல்யாண வீடு, திருவிழா, ஹோட்டல் என்று பாடித் திரிந்தோம். போன வருஷம் எங்கள் வீடியோ ஒன்று டுபாய் வரைக்கும் போனது. கீழே எழுதியவர்களில் பாதிப் பேர் பாட்டைப் புகழ்ந்தார்கள், மீதிப் பேர் நிஷாந்தியின் உடம்பைக் கிண்டல் பண்ணினார்கள். அவள் அதையெல்லாம் எங்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரிப்பாள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் கொழும்பு இசைக் கம்பனியிலிருந்து ஜீவராஜ் சேர் வந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபைல், ஃபைலுக்குள் மூன்று வருஷ ஒப்பந்தம். இன்றைக்குப் பிடித்தால் கையெழுத்து. பிடிக்காவிட்டால் எங்களுக்கு மறுபடியும் கல்யாண வீடு.

பூரணி போனை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தவள் போனைப் பைக்குள் போட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேடைக்கென்று வைத்திருக்கும் நாலு பச்சைச் சேலையும் நிஷாந்தி வீட்டில்தான் இருக்கும். இன்றைக்கு ஆளுக்கொரு நிறம் போதும் என்று இவர்கள் இருவரிடமும் நேற்றே நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் குழுவுக்குப் பெரட்டு என்று பேர். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு. மேடையிலும் அப்படித்தான் தொடங்குவோம். நான் பேர் கூப்பிடுவேன். கூப்பிடப்பட்டவள் தன் சுரத்தால் பதில் சொல்லி, அதை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஷாமிலா, பூரணி, கடைசியில் நிஷாந்தி. கூப்பிடுகிறவளுக்குப் பேர் இல்லை, முடிவில் நானாகச் சேர்ந்துகொள்வேன்.

நிஷாந்தியின் குரல் அடியில் வந்து உட்காரும்போது சனங்களுக்கு மயிர் கூச்செறியும். பதினொரு வருஷம் கேட்ட எனக்கும்தான்.

இன்றைக்கு இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்வது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஏறினோம். கைதட்டினார்கள்.

ஷாமிலாவைக் கூப்பிட்டேன். அவள் குரல் உச்சியில் போய் நின்றது. பூரணியைக் கூப்பிட்டேன். அவளும் வந்து சேர்ந்தாள்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வாய் அதன்பாட்டுக்கு நிஷாந்தியையும் கூப்பிட்டுவிட்டது.

ஜீவராஜ் சேர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். கூப்பிட்ட பேரைத் திரும்ப வாங்கவா முடியும்.

பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலில் லயத்து வீட்டில் படுத்துக் கிடப்பவளின் பேர் வந்தால், பனிமூட்டத்தை நம்பிப் பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். பிடிபட்டால் இரண்டு பேருக்குமே அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. எங்கள் அம்மாமார் எல்லோரும் செய்த திருட்டுத்தனம்தான் அது.

பூரணி தன் சுரத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். அவள் தொண்டைக்கு எட்டாத பள்ளம். கரகரவென்று, உடைந்து உடைந்து வந்தது. ஆனாலும் அது நிஷாந்தியின் சுரம். யாருக்காகக் குரல் கொடுக்கிறாள் என்று தெரியாமல் இருக்க நான் என்ன பச்சைப் பிள்ளையா.

நான் சேர வேண்டிய இடம் வந்தது. ஷாமிலா முழங்கையால் இடித்த பிறகுதான் சேர்ந்தேன்.

எப்படியோ பாடி முடித்தோம். சனங்கள் தாராளமாகவே கைதட்டினார்கள். நாங்கள் இறங்குவதற்குள் ஜீவராஜ் சேர் மேடையடிக்கு வந்துவிட்டார். முகம் சரியில்லை. நேரே என்னிடம்தான் கேட்டார்.

"பாக்கவும் நல்லாருக்கணும், மூணு பேர் போதும்னுதானே மிஸ் நாம பேசினோம். அந்தப் பேர எதுக்குக் கூப்பிட்டீங்க?"

ஷாமிலா சடாரென்று என் பக்கம் திரும்பினாள். பூரணி என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத்தான் பதில் சொன்னாள், அதுவும் மரியாதையாக.

"அவ நாளைக்கு வருவா சேர். நாலு சேலையையும் தேச்சு வச்சிட்டு ஒக்காந்திருக்கா. புரோகிராம் நாளைக்குன்னு இந்த அக்காதான் சொல்லியிருக்காங்க."

அவர் ஃபைலை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

கேட்டில் ஒரு ஆட்டோ திரும்பியது. என் கண் தானாக அங்கே போனது. இறங்கியது வேறு யாரோ.

காலையிலிருந்து நான் அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது, எங்கிருந்தாவது கேள்விப்பட்டு அவள் வந்துவிடக் கூடாதே என்றுதான். இப்போது வந்தால் தேவலை என்றிருந்தது.